தாகம் தீராத பவுடர்

மேஜைமேல் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார் டீச்சர். மூன்றையும் இப்படியும் அப்படியும் இடம் மாற்றுகிறார். ‘‘தண்ணி எதுல இருக்கு, சொல்லுங்க?’’

‘‘நடுவுல மிஸ்!’’

நடு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார். ஒரு சொட்டுகூட விழவில்லை. இடது, வலது... ஊஹூம். தண்ணீர் எங்கே போச்சு? வகுப்பு முழுக்க ‘ஹோ’ என்று ஒரே சத்தம்.

பொன்மலையிலோ ஸ்ரீரங்கத்திலோ இப்படி ஓர் எட்டாம் வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உலகெங்கும் கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் காட்டுகிற வித்தைதான் இது. ரகசியம் டம்ளரின் அடியில் இருக்கிறது: ஒரு ஸ்பூன் வெள்ளைப் பவுடர். பார்த்தால் பொடித்த சர்க்கரை மாதிரி. குழந்தைகளுக்குக் கட்டுகிற டயாபரைக் கிழித்து உதறினால் பஞ்சோடு சேர்ந்து உதிருமே, அதே சமாசாரம். பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு சுத்தமான தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜெல்லியாகி, டம்ளரின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கவிழ்த்தாலும் விழாது.

பிள்ளைகள் கைதட்டியதோடு நிறுத்திவிட்டால் அது மேஜிக் ஷோ. பாடம் தொடங்குவது அதற்கு அடுத்த நிமிஷத்தில். டீச்சர் அந்த ஜெல்லின்மேல் கொஞ்சம் சமையல் உப்பைத் தூவிக் கிளறுகிறார். அவ்வளவுதான், திமிராக நின்ற ஜெல் தளர்ந்து கொழகொழத்து, குடித்த தண்ணீரில் பெரும்பகுதியைக் கக்கிவிடுகிறது!

இந்தப் பவுடருக்கு ஒரு சரித்திரம் உண்டு. விவசாயி, அம்மா, வியாபாரி, விஞ்ஞானி எல்லோரும் அதில் வருகிறார்கள். அதில் நடந்த வெற்றி தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த உப்புதான் காரணம்.

தண்ணீரைக் குடித்து ஊதுகிற பொருள் நமக்குப் புதிதல்ல. ராத்திரி ஊறப்போட்ட பாதாம் பிசின் காலையில் பாத்திரம் நிறைய இருக்கும். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை தன்னைச் சுற்றி ஒரு வழவழப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். இயற்கை செய்கிற ஜெல்கள் இவை. மனுஷன் தானே இப்படி ஒன்றைச் செய்யலாம் என்று புரிந்துகொள்ள 20-ம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொன்மலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். வீட்டுப் பக்கத்திலேயே ரயில் இருக்கிறது!

பாலிமர் என்பது ஒரு கூட்ஸ் ரயில். ஒரே மாதிரி வேகன்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் இப்படிப் பல ரயில்கள். அங்கங்கே ஒரு ரயிலையும் அடுத்த ரயிலையும் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள். இந்தக் குறுக்குச் சங்கிலி இல்லாவிட்டால் பவுடர் தண்ணீரில் கரைந்தே போய்விடும். சங்கிலி இருப்பதால் கரைய முடியாது, விரியத்தான் முடியும்.

ஏன் விரிய வேண்டும்? ஒவ்வொரு வேகனிலும் ஒரு நெகட்டிவ் மின்சுமை, அதற்குத் துணையாக ஒரு பாசிட்டிவ் சோடியம் அயனி. தண்ணீர் பட்டதும் சோடியம் வேகனை விட்டு இறங்கி உலாவ ஆரம்பிக்கும். ஆனால், ரயிலை விட்டு வெகுதூரம் போக முடியாது. மின்கவர்ச்சி பிடித்து இழுக்கும். ஆக, ஜெல்லுக்கு உள்ளே அயனிக் கூட்டம், வெளியே வெறும் தண்ணீர். இரண்டையும் சமப்படுத்துவதற்காகத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. உலர்ந்த திராட்சை பாயசத்தில் ஊதுகிறதே, அதே சவ்வூடு பரவல். இதற்கு மேல், நெகட்டிவ் வேகன்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. குறுக்குச் சங்கிலிகள் ‘போதும்’ என்று இழுத்துப் பிடிக்கும் வரை ஜெல் விரிந்துகொண்டே போகிறது.

இந்த இழுபறிக்குக் கணக்கு எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான பால் ஃப்ளோரி. 1940-களில் ஆரம்பித்த வேலை. 1974-ல் பாலிமர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது.

உப்பு போட்டதும் என்ன ஆகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். வெளியிலும் அயனிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே பாயத் தண்ணீருக்குக் காரணம் குறைந்துவிட்டது. கடையைக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறது.

சரி, இதைச் செய்தது யார், எதற்கு?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பியோரியா என்று ஓர் ஊர். மக்காச்சோள தேசம். அங்கே விளைச்சல் அதிகமாகிப் போவதே ஒரு பிரச்னை. மிஞ்சுகிற தானியத்துக்குப் புதுப்புது உபயோகம் கண்டுபிடிப்பதற்கென்று அமெரிக்க விவசாயத் துறை அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடம் நடத்தியது. சாதாரண இடமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினைப் பெரிய அளவில் தயாரிக்கும் வழி அங்கேதான் பிடிபட்டது. ஒரு முலாம்பழத்தில் வளர்ந்த பூஞ்சைகூட அந்தக் கதையில் ஹீரோ.

1970-களின் ஆரம்பத்தில் அதே கூடத்தில் வீவர், பேக்லி, ஃபேன்டா, டோன் என்று நான்கு பேர் (வீவர் ஒரு பெண்மணி) மக்காச்சோள மாவை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாவுச்சத்தின்மேல் அக்ரிலோநைட்ரைலை ஒட்டுக்கட்டினார்கள், மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது போல. குளிருக்குப் போடுகிற அக்ரிலிக் ஸ்வெட்டருக்கும் அதுதான் மூலப்பொருள். அதைக் காரத்தில் வேகவைத்துக் காயவைத்தார்கள். கிடைத்தது, தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரை உறிஞ்சும் ஒரு பொருள். ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தமிழில் ‘மகா உறிஞ்சி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் மனதில் இருந்தது விவசாயம். விதைக்கு மேல் பூசலாம், நாற்றின் வேரை முக்கி நடலாம், மணலில் கலக்கலாம். வறண்ட பூமியில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு குட்டித் தண்ணீர்த் தொட்டி! எவ்வளவு அழகான கனவு.

ஆனால், பணம் கொட்டிய இடம் வேறு.

1966-லேயே ஹார்மன், ஹார்ப்பர் என்று இரண்டு அமெரிக்கர்கள், தனித்தனிக் கம்பெனிக்காரர்கள், இந்த மாதிரி பாலிமரை டயாபருக்குள் வைக்கலாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஜப்பானின் சான்யோ கெமிக்கல் 1978-ல் இதைத் தொழிற்சாலையில் தயாரித்து சானிட்டரி நாப்கினுக்குள் வைத்தது. 1980-களில் டயாபருக்குள் நுழைந்தது. 1986-ல் பாம்பர்ஸே இதற்கு மாறியது. அதுவரை தலையணை மாதிரி இருந்த டயாபர் பாதிக்குப் பாதி இளைத்தது. ஒரு லாரியில் ஏற்றுகிற எண்ணிக்கை கூடியது. கடை அலமாரியில் இடம் மிச்சம். விண்வெளி வீரர்கள்கூட விண்கலத்துக்கு வெளியே மிதக்கப் போகும்போது இதைத்தான் கட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி. சிறுநீரும் உப்பு நீர்தானே? அதில் மட்டும் எப்படி வேலை செய்தது?

பதில் சுவாரசியமானது. சுத்தத் தண்ணீரில் 300, 400 மடங்கு குடிக்கிற பவுடர், உடம்பின் உப்பளவுள்ள நீரில் சுமார் 30 முதல் 60 மடங்குதான் குடிக்கும். பத்தில் ஒரு பங்கு! ஆனால், டயாபருக்கு அந்த முப்பதே தாராளம். ஏனென்றால், போட்டிக்கு நிற்பது பஞ்சு. பஞ்சு குடிப்பதே குறைவு, அழுத்தினால் அதையும் கக்கிவிடும். குழந்தை உட்கார்ந்தால் போச்சு! ஜெல்லோ அழுத்தினாலும் விடாது. எண்ணூறு மடங்கு என்று பீற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் ஜெயித்துவிட்டது.

வயலில் கதை வேறு. அங்கே முப்பது போதாது.

நம் நாட்டுக்கு வருவோம். பியோரியாவின் கனவை இந்தியாவும் கண்டது. புனேயில் இருக்கும் தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில் ‘ஜல்சக்தி’ என்று ஒரு உறிஞ்சும் பாலிமரை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ‘பூசா ஹைட்ரோஜெல்’லைக் கொண்டுவந்தது. (அந்த நிலையம் முதலில் பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்தது. 1934 பூகம்பத்தில் கட்டடம் போனதால் டெல்லிக்கு இடம் மாறியது. பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.) செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட ஜெல் இது. நம்மூர் வெயிலுக்கு, அதாவது 40, 50 டிகிரிச் சூட்டிலும் வேலை செய்யும்படி, உப்பின் பாதிப்பு குறைவாக இருக்கும்படி வடிவமைத்ததாகச் சொல்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த கார்போரண்டம் யுனிவர்சல் இதை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘காவேரி’!

தன் எடையில் குறைந்தது 350 மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்பது இதன் பெருமை. ஏக்கருக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ போடச் சொல்கிறார்கள். இங்கேதான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் தேவைப்படுகிறார்.

ஒரு கிலோ, 350 மடங்கு. ஆக 350 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர்? ஏறக்குறைய 4,000. அதாவது, ஏக்கர் முழுவதற்கும் போட்ட ஜெல் ஒரு தடவை வயிறு முட்டக் குடித்தாலும் அது ஒரு மில்லிமீட்டர் மழையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அப்படியானால் ஏமாற்று வேலையா? அவசரப்படாதீர்கள். ஜெல் ஒரு தடவை குடித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. வேர் உறிஞ்சக் கொடுத்துவிட்டு, அடுத்த தண்ணீர் பாயும்போது மறுபடி நிரப்பிக்கொள்கிறது. வயல் முழுக்க இறைக்காமல் வேரடியில் போடும்போது ஒவ்வொரு சொட்டும் செடிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தொட்டிச் செடி, நாற்றங்கால், மணல் மண் போன்ற இடங்களில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால், பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து, ‘கிணறு வெட்ட வேண்டாம், பவுடர் வாங்கினால் போதும்’ என்று யாராவது நினைத்தால் அங்கேதான் ஆபத்து. அந்த எண்ணை அளந்தது உப்பில்லாத சுத்தத் தண்ணீரில். விவசாயி வீட்டு போர்வெல்லில் வருவது வேறு தண்ணீர்.

தண்ணீரில் என்ன வேறுபாடு இருக்க முடியும் என்று பொன்மலைக்காரர்கள் கேட்கமாட்டார்கள்.

தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. (செயின்ட் ஜோசப் கல்லூரியும் அதற்கு வெகுமுன்பே 1883-ல் நாகையிலிருந்துதான் திருச்சிக்கு வந்தது. நாகப்பட்டினத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள நியாயம் இருக்கிறது!) அது நீராவி இன்ஜின்களின் காலம். இன்ஜினுக்கு நிலக்கரி எவ்வளவு முக்கியமோ, அதைவிடத் தண்ணீர் முக்கியம். கடின நீரை ஊற்றிக் காய்ச்சினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பாய்லருக்குள் சுண்ணாம்புப் பக்காகப் படியும். நம் வீட்டு வெந்நீர் ஹீட்டரில் படிகிற அதே வெள்ளை ஓடு. ஓடு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, கரி வீணாகும், குழாய் பழுத்து வெடிக்கவும் கூடும். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற பேதம் பாய்லர் மனிதர்களுக்கு வயிற்றுப் பிழைப்பு. நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புது நீராவி இன்ஜின் செய்து கொடுத்தது இதே பொன்மலைப் பணிமனைதான் என்பதால், அந்தப் பாடம் அங்கே இன்னும் பழையதாகவில்லை.

பாய்லரைக் கெடுத்த அதே கால்சியம் ஜெல்லையும் கெடுக்கிறது. சமையல் உப்பில் இருக்கும் சோடியத்துக்கு ஒரு மின்சுமைதான். கால்சியத்துக்கு இரண்டு. ஒரு கையால் இந்த ரயிலையும் இன்னொரு கையால் அடுத்த ரயிலையும் பிடித்து இழுத்துவிடும். தானே ஒரு குறுக்குச் சங்கிலி ஆகிவிடும். ஜெல் சுருங்கும். சோடியத்தால் சுருங்கினால் நல்ல தண்ணீரில் கழுவி ஓரளவு மீட்கலாம். கால்சியத்தின் பிடி லேசில் விடாது. கடின நீர் பாய்கிற தோட்டத்தில் ஜெல்லின் திறமை போகப்போகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனையையும் போர்டில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லலாம். அளந்தும் பார்க்கலாம். அளப்பதற்குப் பெரிய லேப் வேண்டாம். இந்தப் பவுடரைச் சோதிக்கிற பெரிய ஆய்வுக்கூடங்களிலேயே ‘டீ பை முறை’ என்றுதான் ஒன்று வைத்திருக்கிறார்கள். டீத்தூள் வருகிற அந்தச் சின்னப் பையேதான்!

காலி டீ பைக்குள் 0.2 கிராம் பவுடர். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. நான்கு கிண்ணங்கள். ஒன்றில் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர். ஒன்றில் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர். ஒன்றில் தெருவோர அடிபம்புத் தண்ணீர். கடைசியில், ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டது. அரை மணி நேரம் ஊறவைத்து, தொங்கவிட்டு வடித்து, நிறுக்க வேண்டும். பவுடர் போடாத வெறும் பை ஒன்றையும் நனைத்து நிறுத்துக் கழிக்க வேண்டும். அதை மறந்தால் பை குடித்த தண்ணீரும் பவுடர் கணக்கில் ஏறிவிடும். ‘கன்ட்ரோல்’ என்றால் என்ன என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பேட்டரி தண்ணீர் முதலிடம், உப்புத் தண்ணீர் கடைசி. நடுவில் காவிரிக்கும் அடிபம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதுதான் அழகே. விடை புத்தகத்தில் இல்லை.

இப்படிக் கையால் செய்து பார்க்கும் மரபு தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் செலவில்லாத சோதனைகளைப் பல வருஷங்களாகப் பிள்ளைகளிடம் கொண்டுபோகின்றன. 2022 நவம்பர் 28-ல், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை சோதனைகளைக் கொண்டுசேர்க்கும் ‘வானவில் மன்றம்’ தொடங்கப்பட்டது பொன்மலைக்குப் பக்கத்தில் காட்டூரில், ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில்தான். 13,000-க்கும் அதிகமான பள்ளிகளுக்கான திட்டம். டூவீலரில் சோதனைச் சாமான்கள் வந்து இறங்கும் என்பது அதன் ஏற்பாடு. டீ பையும் பவுடரும் அந்தப் பெட்டியில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

சில எச்சரிக்கைகள். பவுடரை ஊதக் கூடாது, மூக்கிலோ கண்ணிலோ போகக் கூடாது. ஜெல்லை வாஷ்பேசினில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். உப்புப் போட்டுச் சுருக்கிக் குப்பையில் போடுங்கள். ஃபேன்ஸி ஸ்டோரில் கலர் கலராக விற்கிற தண்ணீர் மணிகள் இதே குடும்பம்தான். சின்னக் குழந்தை விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிக் குடலை அடைக்கும். 2023-ல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்த பிறகு அப்படிப்பட்ட பொம்மைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்த மணிகள் உள்ளேயே வரக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. குழந்தை கழற்றிப்போட்ட டயாபர் எங்கே போகிறது? திருச்சியின் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் அரியமங்கலம் கிடங்கு. அதுவும் பொன்மலைக்குப் பக்கம்தான். பாதாம் பிசின் மண்ணில் போட்டால் மக்கிவிடும். பாலிஅக்ரிலேட் லேசில் மக்காது. பியோரியாவில் மாவில் ஆரம்பித்த பொருள், விலை குறைய வேண்டும் என்பதற்காக முழுக்க பெட்ரோலியப் பொருளாக மாறியதன் விளைவு இது. மக்கக்கூடிய உறிஞ்சியைத் தேடி உலகம் இப்போது மறுபடி மாவுச்சத்துக்கும் செல்லுலோஸுக்கும் திரும்பிக்கொண்டிருக்கிறது. சேலத்து மரவள்ளிக்கிழங்கு மாவுக்கும் ஒரு நாள் அதில் இடம் கிடைக்கலாம்.

அந்த ஆராய்ச்சியைச் செய்யப் போகிறவர் இன்று ஏதோ ஒரு பள்ளியில் டீ பையை நிறுத்துக்கொண்டிருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் விஞ்ஞானி ஆகப்போவதில்லைதான். யாரோ ஒருவர் விவசாயி ஆவார், ஒருவர் கடை வைப்பார், எல்லோரும் பாக்கெட் வாங்குவார்கள். ‘350 மடங்கு’ என்று அட்டையில் பார்த்ததும், ‘‘எந்தத் தண்ணியில அளந்தீங்க அண்ணே?’’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். எட்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி தன் வேலையைச் செய்துவிட்டது.